பேப்பர் கட்டோடு வந்தவரைப் பற்றி

பண்டிகை வெடிச்சத்தத்தில் அந்தப் பத்து நாள் எப்படிப் போனது என்று உங்களுக்கே தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை. இன்று காலை நம் பிராணிகள் காப்பகத்தில் பாதிக் கூண்டுகள் காலி. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பண்டிகையை விட்டுவிட்டு வந்து கூண்டு கழுவியவர்கள், முறை வைத்துக் குட்டிகளுக்குப் பால் புகட்டியவர்கள், நடுராத்திரியில் போனை எடுத்த டாக்டர், நாலு பூனைகளுக்காக வீட்டில் ஓர் அறையையே ஒழித்துக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் மொத்தமாக ஒரு கும்பிடு. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லியாக வேண்டும்.

கூண்டில் விரிக்கப் பழைய பேப்பர் கொண்டுவந்தார். "தத்தெடுக்கவா?" என்று கேட்டேன், கொஞ்சம் எரிச்சலாகவே. "வாடகை வீடுங்க, முடியாது. சும்மா உட்கார்ந்துட்டுப் போகட்டுமா?" என்றார். கடைசிக் கூண்டைக் காட்டினேன்.

அங்கே எங்கள் கிழவன். 11 வயது, ஒரு கண்ணில் புரை. வெடிச்சத்தம் தொடங்கிய நாளிலிருந்து சுவரைப் பார்த்தே கிடந்தான். குட்டி கேட்டு வருகிறவர்கள் கண்ணில் அவன் முதுகுதான் படும். முதுகை யார் கேட்பார்கள்?

இவர் அவனைக் கூப்பிடவில்லை, கையும் நீட்டவில்லை. தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, கட்டிலிருந்து ஒரு பேப்பரை உருவி, தாழ்ந்த குரலில் வாசித்தார். வீடு விற்பனை, காணவில்லை, பெயர் மாற்றம் என்று வரி விளம்பரம் ஒன்றுகூட விடவில்லை. தினமும் சாயங்காலம் வந்தார். மூன்றாம் நாள் கிழவன் சுவரிலிருந்து திரும்பினான். ஐந்தாம் நாள் கம்பிக்கு அடியில் மூக்கை நுழைத்து அவர் செருப்பை முகர்ந்தான். அதன்பிறகு யார் வந்தாலும் கூண்டின் முன்னால் வந்து நின்றான். எட்டாம் நாள் ஒரு தம்பதி கூட்டிப்போய்விட்டார்கள்.

நேற்று அவர்களிடமிருந்து போன். கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறானாம், சரியாகச் சாப்பிடவில்லையாம். நாங்கள் எல்லாரிடமும் சொல்லும் கணக்கைத்தான் சொன்னேன்: மிரட்சி தெளிய 3 நாள், பழக 3 வாரம், தன் வீடு என்று நம்ப 3 மாதம். பேப்பர் வாசித்துப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

வாசலில் நிற்பவரிடம் எடுத்ததும் "தத்தெடுக்கவா?" என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

கிழவன் போன மறுநாளும் அவர் வந்தார். காலிக் கூண்டைப் பார்த்து, "போயிட்டானா?" என்று ஒரு நிமிடம் நின்றார். பிறகு பக்கத்துக் கூண்டைக் காட்டி, "இவன் யாரு?" என்று கேட்டுக்கொண்டே பேப்பரைப் பிரித்தார்.