சுவரைக் காட்டிக் குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்.

தெருச் சுவத்துல வரைஞ்சது, கிறுக்குனது எல்லாத்தையும் போட்டோ எடுத்து நாங்க வெச்ச கண்காட்சி முடிஞ்சு படமெல்லாம் கழட்டி, ஆணி புடுங்கி, ஹாலைக் கூட்டிப் பெருக்கி சாவியையும் குடுத்தாச்சு. வந்தவங்கள்ல நெறைய பேரு "இவ்ளோ பெரிய நகரத்துல இத்தனை சுவரை எப்படிங்க தேடிப் புடிச்சீங்க"ன்னு கேட்டாங்க, நாங்களும் சும்மா சிரிச்சு சமாளிச்சிட்டோம். உண்மையைச் சொல்லணும்னா நாங்களா தேடிப் புடிச்சது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் யாரோ ஒருத்தர் போன் போட்டு "அந்த பாலத்துக்கு அடியில ஒண்ணு இருக்கு, சீக்கிரம் போங்க, நாளைக்கு அழிச்சிருவாங்க"ன்னு சொன்னதால கெடச்சது. அந்த யாரோ ஒருத்தர் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். யாரு பேரும் போடல. சில பேரு பேரைப் போட்டா வேலை போயிரும், சில பேரு பேரைப் போட்டா போலீஸ் வரும், மீதிப் பேரு கூச்சப்பட்டுட்டு அடுத்த தடவை போனே எடுக்க மாட்டாங்க.

மொத நன்றி, சுவரை எப்படிப் படிக்கணும்னு சொல்லிக் குடுத்த அண்ணனுக்கு. அவரைப் பாக்கறதுக்கு முன்னாடி நாங்க பெரிய பெரிய ம்யூரல் மட்டும்தான் எடுத்துட்டு இருந்தோம், அதாவது நாலு மாடி உயரத்துக்கு ஒரு முகம், ஒரு பறவை, அந்த மாதிரி. கீழ கிறுக்கி வெச்சிருக்கறதெல்லாம் ஃப்ரேம்ல வராம பாத்து எடுப்போம். அண்ணன் வந்து அந்தக் கிறுக்கலைத்தான் மொதல்ல பாக்கச் சொன்னாரு. ஒரே கலர்ல சில செகண்டுல போடற கையெழுத்து டேக், ரெண்டு கலர்ல உப்புன எழுத்தா சில நிமிஷத்துல போட்டு ஓடறது த்ரோ-அப், மணிக்கணக்கா நின்னு நெறைய கலர்ல போடறது பீஸ். இதுக்குள்ள ஒரு மரியாதை வரிசையும் இருக்கு, டேக் மேல த்ரோ-அப் போடலாம், த்ரோ-அப் மேல பீஸ் போடலாம், ஆனா நல்ல பீஸ் மேல எவனாவது டேக் போட்டான்னா அது சண்டைக்குக் கூப்பிடறதுதான். இது தெரிஞ்சதுக்கப்புறம் அதே சுவத்துல யாருக்கும் யாருக்கும் ஆகாது, யாரு புதுசு, யாரை எல்லாரும் தொடாம விடறாங்கன்னு எல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிருச்சு.

அண்ணன் கதை சொல்ற அழகே தனி. 1960கள்ல ஃபிலடெல்ஃபியால கார்ன்பிரெட்னு ஒரு பையன் ஊர் பூரா தன் பட்டப்பேரை எழுதுனதுல ஆரம்பிப்பாரு, அப்புறம் நியூயார்க்ல டாக்கி 183, அந்தப் பையன் டெலிவரி வேலைக்குப் போற இடமெல்லாம் தன் பேரையும் தான் குடியிருந்த 183வது தெரு நம்பரையும் சேத்து எழுதிட்டே போனான், 1971 ஜூலைல நியூயார்க் டைம்ஸ்ல அவனைப் பத்திச் செய்தி வந்ததும் நகரத்துல இருந்த பசங்க எல்லாம் மார்க்கரைத் தூக்கிட்டாங்க. சொந்த மாமா கதை மாதிரி சொல்லுவாரு, டாக்கியை நேர்ல பாத்ததே இல்ல.

அடுத்த நன்றி நாங்களும் நேர்ல பாக்காத மூணு போட்டோகிராஃபருக்கு. மார்த்தா கூப்பர், ஹென்றி சால்ஃபன்ட், அப்புறம் பிரசாய். இவங்க எங்களுக்கு என்ன உதவி பண்ணாங்கன்னு கேட்டா, வேலையையே இவங்ககிட்டதான் கத்துக்கிட்டோம். நியூயார்க் மெட்ரோ ரயில் பெட்டி முழுக்க பெயின்ட் அடிச்சு ஓடுன காலத்துல சால்ஃபன்ட் எதிர் பிளாட்பாரத்துல நின்னு, வண்டி நிக்கற கொஞ்ச நேரத்துக்குள்ள பக்கம் பக்கமா நகந்து ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறுற மாதிரி வரிசையா படம் எடுத்து, அப்புறம் வெட்டி ஒட்டி முழுப் பெட்டியையும் ஒரே படமா ஆக்குவாரு. கூப்பர் பெட்டியை மட்டும் இல்லாம வரையற பசங்களையும் அவங்க இருந்த தெருவையும் சேத்து எடுத்தாங்க. 1989 மே மாசம் படம் போட்ட கடைசி ரயிலையும் ஓட்டத்துல இருந்து எடுத்தாச்சுன்னு அங்க ரயில்வே நிர்வாகம் அறிவிச்சிருச்சு, இன்னைக்கு அந்தப் பெட்டிகளைப் பாக்கணும்னா இவங்க எடுத்த படம்தான் கதி. கண்காட்சி நுழைவாசல்ல இருந்த அந்த நீளமான மதில் படம் இருக்கே, எல்லாரும் முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்தீங்களே, அது சால்ஃபன்ட் முறையில எடுத்ததுதான், நடுவுல ரெண்டு இடத்துல ஒட்டு தெரியும், தேடிப் பாருங்க.

பிரசாய் இன்னும் பழைய ஆளு, 1930கள்ல இருந்தே பாரிஸ் சுவத்துல கீறி வெச்ச முகம், இதயம், மண்டை ஓடெல்லாம் எடுத்தவரு. விலாசத்தை நோட்டுல குறிச்சு வெச்சுக்கிட்டு வருஷங்கள் கழிச்சு அதே இடத்துக்குத் திரும்பிப் போய் என்னாச்சுன்னு பாப்பாரு. அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கிட்டோம். ஒரு சுவரை ஒரு தடவை எடுத்தா அது வெறும் போட்டோ, அதே இடத்துல நின்னு திரும்பத் திரும்ப எடுத்தாத்தான் அங்க என்ன நடக்குதுன்னே புரியும், இது என்னோட கருத்து, எங்க டீம்லயே பாதிப் பேரு ஒத்துக்க மாட்டாங்க.

பெயின்டர் மாமாவுக்குத் தனியா ஒரு கும்பிடு. வீட்டுக்கு வெள்ளையடிக்கற ஆளு, கலைன்னு சொன்னா சிரிப்பாரு, ஆனா அவர் இல்லேன்னா பாதிப் படத்துக்கு எங்களால குறிப்பே எழுதியிருக்க முடியாது. ஒரு ம்யூரலைப் பாத்ததும் இது ரெண்டு மூணு வெயில் பாத்தது, இது புதுசுன்னு சொல்லிருவாரு. எப்படின்னு கேட்டா, பளிச்சுனு இருக்கற சிவப்பு, ரோஸ், ஃப்ளோரசன்ட் கலர்லாம் வெயில்ல மொதல்ல செத்துரும், இரும்பு ஆக்சைடுல செய்யற காவி, பழுப்பெல்லாம் அசையாம நிக்கும், அதனாலதான் பழைய படத்துல ஒதடு வெளுத்துப் போயி முகம் மட்டும் நிக்குதுன்னாரு. புதுசா பூசுன சிமென்ட்ல காரம் ஜாஸ்தி, அது நல்லா ஆறாம அடிச்சா கலரை தின்னுரும், ஈரம் உள்ள இருந்து வந்தா உப்பு பூத்து பெயின்ட்டைத் தள்ளிரும், ப்ரைமர் போடாம வரைஞ்சவங்க படம் தகடு தகடா உரியும். இதெல்லாம் தெரிஞ்ச மனுஷனுக்கு ஸ்ப்ரே கேன் பக்கம் மட்டும் மரியாதையே இல்ல, "அது பெயின்ட்டா, சென்ட்டு"ம்பாரு. 1949ல எட்வர்ட் சீமோர்னு ஒரு அமெரிக்கக்காரர் அந்த கேனைக் கொண்டு வந்ததே, வீட்டைச் சூடாக்கற ரேடியேட்டருக்கு அடிக்கற அலுமினியப் பெயின்ட்டை எப்படிக் காட்டி விக்கறதுங்கறதுல வந்த யோசனைதான்னு சொன்னேன். அப்ப அதை ரேடியேட்டருக்கே அடிக்கச் சொல்லுன்னுட்டாரு.

மூணாவது மாடி பாட்டிம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. எதிர் கட்டடத்துல இருக்கற பெரிய ம்யூரலை ரோட்டுல நின்னு அண்ணாந்து எடுத்தா தாடையும் மூக்கு ஓட்டையும்தான் வரும், உங்க பால்கனியில இருந்து எடுத்தாத்தான் அது முகமாவே தெரியுது. முன்பின் தெரியாத எங்களை உள்ள விட்டு, செருப்பைக் கூட கழட்டச் சொல்லாம, கொடியில காயப்போட்ட துணியெல்லாம் நீங்களே எடுத்து ஒதுக்கி வெச்சீங்க. அதுக்கும் மேல, உங்க போன்ல இருந்த அந்தப் பழைய போட்டோ. வெள்ளைச் சுவத்துல எழுத்தும் சுழியும் அம்புக்குறியுமா ஒரே கிறுக்கலா இருந்த நாள்ல, அசோசியேஷன்ல கம்ப்ளைன்ட் குடுக்கறதுக்காக நீங்க எடுத்தது. அது கிறுக்கல் இல்ல, பெரிய சுவத்துல அளவு பிசகாம வரையறதுக்கு ஆர்ட்டிஸ்ட்டுங்க மொதல்ல இப்படித் தாறுமாறா குறி போட்டு, அதைப் போட்டோ எடுத்து, அது மேல தங்களோட ஸ்கெட்சை ஏத்தி வெச்சுப் பாத்து, இந்தச் சுழிக்குப் பக்கத்துல கண்ணு, அந்த அம்புக்கு கீழ காதுன்னு வரைவாங்க. கட்டம் போடறதை விட இது சுலபம், ஒவ்வொரு கட்டமா எண்ணிட்டு இருக்க வேணாம். வரைஞ்சு முடிச்சதும் அந்தக் குறியெல்லாம் படத்துக்கு அடியில மறைஞ்சிரும், அதனால அந்த நிலையை அந்தத் தெருவுல வேற யாருமே எடுத்து வெச்சிருக்கல. கண்காட்சியில ஜனங்க ரொம்ப நேரம் நின்னு பாத்தது உங்க கம்ப்ளைன்ட் போட்டோவைத்தான் பாட்டிம்மா.

இப்ப கொஞ்சம் சங்கடமான நன்றி. சுவரை அழிக்கற டீம்ல வேலை பாக்கற தம்பிக்கு. ஆர்ட்டிஸ்ட் ஆளுங்க சில பேரு "அவனுக்கெல்லாம் எதுக்கு நன்றி"ன்னு கேட்டாங்க, கேக்கட்டும். எந்தச் சுவரு எப்ப போகப் போகுதுன்னு நகரத்துலயே தெரிஞ்ச ஆளு அவன்தான், முந்தின நாள் சாயங்காலமே போன் வந்துரும், அவன் சொன்னதால மட்டும் எடுக்க முடிஞ்ச படம் நெறைய. வேலையைப் பத்தியும் அவன் சொன்னாத்தான் தெரியும். மெழுகு மாதிரி ஒரு பூச்சு போட்டு வெச்சா சுடுதண்ணி அடிச்சதும் கிறுக்கலோட சேந்து பூச்சும் போயிரும், திரும்பப் பூசணும், பாலியூரித்தேன் பூச்சுன்னா அப்படியே இருக்கும், துடைச்சா போதும், ஆனா அது சுவரை மூச்சு விட விடாது, பழைய செங்கலுக்கு ஆகவே ஆகாது. மணல் கல்லுல ஹை ப்ரஷர் தண்ணி அடிச்சா கிறுக்கலோட கல்லோட தோலும் போயிரும். சுவரோட கலருக்குப் பொருந்தாத சாம்பல் பெயின்ட்டைச் சதுரம் சதுரமா அடிச்சு மறைச்சா அது எழுத வர்றவனுக்கு ரெடியா போட்டுக் குடுத்த போர்டு, அடுத்த நாளே எழுதிருவாங்கன்னு மேல எடத்துல பல தடவை சொல்லிட்டானாம், கேட்டா பட்ஜெட்ல சாம்பல்தான் இருக்குங்கறாங்களாம். அந்தச் சாம்பல் சதுரங்களை மட்டும் தனியா ஒரு வரிசை வெச்சோம்ல, அது முழுக்க அவன் கைவேலை, பேரு போடலாமான்னு கேட்டதுக்கு ஒரேயடியா வேணாம்னுட்டான்.

கண்காட்சிக்கு வந்து சண்டை போட்டவங்களுக்கும் நன்றி, நிஜமாத்தான். ஒரு அம்மா, அவங்க வீட்டு மதில்ல எவனோ எழுதிட்டுப் போனதை லீவு நாள்ல தேச்சுத் தேச்சுக் கழுவுன கதையைச் சொல்லிட்டு, இதையெல்லாம் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கீங்களேன்னு கேட்டாங்க. நியாயம்தான், அந்த இடத்துல நான் அவங்க கட்சி. அடுத்தவங்க வீட்டு மதிலும், நூறு வருஷக் கல்லும் யாரோட நோட்டுப் புஸ்தகமும் கெடையாது. ஆனா இந்தத் தகராறு நம்ம காலத்துல ஆரம்பிச்சதும் இல்ல. கி.பி. 79ல எரிமலை மூடுன இத்தாலியோட பொம்பேயி ஊர்ச் சுவத்துலயே ஒருத்தன், இத்தனை பேரோட வெட்டிக் கிறுக்கலைச் சொமந்துக்கிட்டு நீ இன்னும் இடிஞ்சு விழாம நிக்கறியே சுவரேன்னு எழுதி வெச்சிருக்கான், அதையும் சுவத்துல எழுதித்தான் சொல்லியிருக்கான்.

வக்கீல் அக்காவுக்கு ஃபீஸ் குடுக்கல, அதனால நன்றியாவது நீளமா சொல்றேன். சுவரு ஒருத்தருது, அது மேல இருக்கற படத்தோட காப்புரிமை வரைஞ்சவருது, போட்டோ உங்களுது, மூணையும் போட்டுக் குழப்பிக்காதீங்கன்னு மொத நாளே சொல்லிட்டாங்க. பொது இடத்துல இருக்கற படத்தைப் போட்டோ எடுத்து அச்சடிக்கறதுக்கு நாட்டுக்கு நாடு சட்டம் வேற வேற, அதனால கண்டுபுடிக்க முடிஞ்ச ஆர்ட்டிஸ்ட் எல்லார்கிட்டயும் எழுத்துல அனுமதி வாங்க வெச்சாங்க. ஃபைவ் பாய்ன்ட்ஸ் கதையைச் சொன்னதும் அவங்கதான். நியூயார்க்ல க்வீன்ஸ் பக்கம் ஒரு பழைய ஃபேக்டரி கட்டடம், ஓனரோட அனுமதியோடயே வருஷக்கணக்கா வரைஞ்ச இடம், 2013 நவம்பர்ல ஒரே ராத்திரியில வெள்ளையடிச்சிட்டாங்க. வரைஞ்சவங்க படைப்பை அழிக்கறதுக்கு எதிரா அவங்களுக்கு உரிமை குடுக்கற, அங்க 1990ல வந்த ஒரு சட்டத்தை வெச்சு ஆர்ட்டிஸ்ட்டுங்க கேஸ் போட்டு, 2018ல 21 பேருக்கு 67.5 லட்சம் டாலர் குடுக்கணும்னு தீர்ப்பு வந்து, 2020ல அப்பீல்லயும் அதுவே நின்னுச்சு. ஒரு கம்பெனி நம்ம படத்துல ரெண்டை டி-ஷர்ட்ல போட்டுக்கறோம், ஆர்ட்டிஸ்ட்கிட்டலாம் எதுக்குக் கேக்கணும்னு வந்தப்போ அக்கா எழுதுன பதில் லெட்டர் இருக்கே, அதையே ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கலாம்.

ஷட்டர் விஷயத்துல தடுத்த அண்ணனுக்கும் (மேல சொன்ன அதே அண்ணன்தான்) ஒரு நன்றி பாக்கி இருக்கு. மூடிப்போன கடையோட ஷட்டர், மேல அருமையான பீஸ், கழட்டித் தர்றோம் ஹால்ல நிறுத்திக்கங்கன்னு ஓனரே சொன்னாரு, எங்களுக்கும் ஆசைதான். அண்ணன் ப்ளூங்கற ஆர்ட்டிஸ்ட் கதையைச் சொன்னாரு. இத்தாலில பொலோன்யா நகரத்துல அவரோட சுவர்ப் படங்களைப் பேத்து எடுத்துக் கண்காட்சியில வெக்கப் போறாங்கன்னு தெரிஞ்சதும், 2016ல அந்த ஊர்ல மிச்சம் இருந்த தன்னோட படங்களையெல்லாம் ஆளுங்களோட போய் சாம்பல் பூசி அவரே அழிச்சிட்டாரு. ஷட்டர் அங்கயே இருக்கு, போய்ப் பாத்துக்கங்க, மழையில கீழ்ப்பக்கம் துரு ஏறிட்டு வருது, சீக்கிரம் போங்க.

ராத்திரி வண்டி ஓட்டுன நண்பன், ஏணி குடுத்த கேபிள்காரர், பிரின்ட்டைக் கடனுக்கு அடிச்சுக் குடுத்த அச்சகம், குறிப்பெல்லாம் தட்டச்சு பண்ண காலேஜ் புள்ளைங்க, எல்லாருக்கும் நன்றி. அச்சகத்துக்குப் பணம் இந்த மாசம் வந்துரும்.

கடைசியா, கரன்ட் பெட்டி மேல எல்லாம் குடை வரையற ஆளுக்கு. நீங்க ஆணா பொண்ணா, ஒருத்தரா ரெண்டு பேரான்னு கூட எங்களுக்குத் தெரியாது. ஒரு குடைக்கு அடியில பூனை, ஒண்ணுல போலீஸ்காரர், ஒண்ணுல வெறும் செருப்பு, தேடி அலைஞ்சதுல எங்களுக்கு ரொம்பப் புடிச்சது உங்களுதுதான். அனுமதி கேக்க வழி இல்லாததால உங்க படம் எதையும் மாட்டல, ஆனா வருகைப் பதிவேட்டுல பேரு, ஊரு எதுவும் இல்லாம ஒரு குடை மட்டும் போட்டிருந்துச்சு, அதைப் பாத்துட்டு நாங்க போட்ட சத்தத்துல வாட்ச்மேன் ஓடி வந்துட்டாரு. உங்க குடையெல்லாம் பிரின்ட் போட்டு ஒரு கட்டாக் கட்டி ஹால் ஆஃபீஸ்ல குடுத்து வெச்சிருக்கோம். பேரு சொல்ல வேணாம், ஆஃபீஸ்ல பேப்பர் குடுப்பாங்க, குடையை வரைஞ்சு காட்டிட்டு வாங்கிக்கங்க. வேற யாரும் வந்து ஏமாத்திர முடியாது, கைப்பிடி எந்தப் பக்கம் வளையும்னு அங்க சொல்லி வெச்சிருக்கோம்.