எங்கள் சைக்கிளுக்கும் கீழே ஓர் இடம் கொடுங்கள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு ரசீது செருகியிருந்தது. இரண்டாம் தளப் படிக்கட்டுச் சுவரில் சைக்கிள் உரசி பெயிண்ட் போனதற்கு அபராதம் 500 ரூபாய். அடுத்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறீர்கள். கட்டிவிடுகிறேன். கோடு விழுந்தது உண்மை, விழுந்தது எங்கள் சைக்கிளால்தான். ஆனால் அந்த சைக்கிள் எதற்காகப் படி ஏறியது என்பது உங்களுக்கும் தெரியும்.

ஜூன் மாதச் சுற்றறிக்கையில் மூன்றே வரிகள். கீழே கார் நிறுத்தும் இடத்தில் சைக்கிள் வைக்கக் கூடாது. அவரவர் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். லிஃப்டில் ஏற்றக் கூடாது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் மூன்றாம் தளத்தில் இருப்பவர்களுக்கு மிச்சம் படிக்கட்டு ஒன்றுதான். அந்தப் படியில் தூக்கிப் போனதற்குத்தான் இப்போது ரசீது வந்திருக்கிறது.

நான் கேட்பது என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரைத்தளத்தில் மோட்டார் ரூமை ஒட்டி இருக்கும் மூலையை சைக்கிள்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் சைக்கிள் இரண்டு. ஒன்று என் கணவருடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வேலை, பெரும்பாலும் இரண்டாம் ஷிஃப்ட். வேலை முடிந்து இரவு பதினொன்றரைக்கு வந்து, அந்த நேரத்தில் 54 படி ஏறுகிறார், தோளில் சைக்கிளோடு. இன்னொன்று என் மகளுடையது. போன வருடம் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த விலையில்லா மிதிவண்டி. அதை அவளால் தனியாகத் தூக்க முடியாது. கேரியர், மட்கார்டு, செயின் கவர், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து பதினெட்டு, இருபது கிலோ வரும். காலையில் நான் முன்சக்கரத்தைப் பிடிக்க, அவள் பின்னால் பிடிக்க, இரண்டு பேருமாக இறக்குகிறோம். அப்படி இறக்கும்போது திருப்பத்தில் பட்டதுதான் அந்தக் கோடு.

இது படியில் படுகிற பாடு. வீட்டுக்குள் நடப்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

பத்திரத்தில் எங்கள் வீடு 560 சதுர அடி. படிக்கட்டு, லிஃப்ட் பங்கையும் சுவர்க் கனத்தையும் கழித்துவிட்டால் புழங்குவதற்கு நானூறு சொச்சம் தேறும். ஒரு படுக்கையறை, ஒரு ஹால். ஹாலின் அகலம் பத்தடி. ஒரு பக்கம் அத்தையின் கட்டில், மூன்றடி. எதிர்ப்பக்கம் ஃப்ரிட்ஜும் டிவி ஸ்டாண்டும். சைக்கிள் ஆறடி நீளம், ஹேண்டில்பார் இரண்டடி அகலம். இரண்டையும் தலைமாற்றி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தினாலும் மூன்றடி போய்விடுகிறது. அப்புறம் இருப்பது ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற வழிதான்.

என் அத்தைக்கு 71 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை. இரவில் இரண்டு மூன்று தடவை பாத்ரூமுக்கு எழுந்திருப்பார். ஜூலையில் ஒரு நாள் ராத்திரி கரண்ட் இல்லை. கட்டிலை விட்டு இறங்கி நாலு அடி வைத்ததும் பெடல் முழங்காலுக்குக் கீழே எலும்பில் இடித்துவிட்டது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வழண்டிருந்தது. நம்மைப் போன்றவர்களுக்கு அது மஞ்சள் வைத்து மறந்துவிடுகிற காயம். சர்க்கரை இருப்பவர்களுக்குக் காலில் புண் வந்தால் அந்த வீடு எப்படித் தூங்கும் என்பது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மூன்று வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டுப் போட அழைத்துப் போனேன்.

அதற்குப் பிறகு அத்தை அந்தப் பெடலில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருக்கிறார், இருட்டில் தெரிய வேண்டும் என்று. இன்னொன்றும் செய்கிறார், எனக்கே நாள் கழித்துத்தான் தெரிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் சைக்கிளைத் தாண்ட வேண்டும், எங்களை எழுப்பவும் மனசு வரவில்லை. மாத்திரை போடுகிறவர் ஏன் ஒரு மிடறோடு நிறுத்திக்கொள்கிறார் என்று என் மகள்தான் கவனித்துக் கேட்டாள். அதைக் கேட்ட ராத்திரிதான் இந்தக் கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்தேன். ரசீது வந்த அன்று உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

வேறு வழி பார்க்காமல் கேட்கிறோம் என்று நினைக்க வேண்டாம். சுவரில் கொக்கி மாட்டித் தொங்கவிடலாம் என்று செயலாளர் அவர்களே சொன்னீர்கள். பார்த்தோம். உள்சுவர் நாலரை அங்குலம். ஆங்கர் போல்ட் போட்டுப் பத்து நாள் நின்றது, பதினோராம் நாள் பூச்சோடு பெயர்ந்து வந்தது. நல்ல வேளை, கீழே யாரும் இல்லை. முன்சக்கரத்தைக் கழற்றி வைக்கலாம் என்றார்கள். ஒரு நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் கையோடு வருவது விலை கூடிய சைக்கிளில். எங்கள் சைக்கிளில் இரண்டு பக்கமும் நட்டு, பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும், மட்கார்டு கம்பியையும் கழற்ற வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கழற்றிக் காலையில் மாட்டுவது நடக்கிற காரியமா? பால்கனி இரண்டே முக்கால் அடி. அதில் வாஷிங் மெஷின் இருக்கிறது. மழைச்சாரல் நேராக அடிக்கிற பக்கம் வேறு. ஒரு ஐப்பசி போனால் செயினும் ஃப்ரீவீலும் துருப்பிடித்து இறுகிவிடும்.

மழை என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது தினமும் மழை. டயரில் ஒட்டிக்கொண்டு வருவது வெறும் தண்ணீர் இல்லை, தெருவில் ஓடுகிற சாக்கடையும் சேர்ந்ததுதான். வாசலில் கோணி போட்டு, பாத்ரூமில் ஒவ்வொரு சக்கரமாகக் கழுவித் துடைத்த பிறகுதான் ஹாலுக்குள் வருகிறது. அப்படியும் காலையில் கட்டில்காலைச் சுற்றி ஈரம் இருக்கும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பு கீழே ஆறு ஏழு சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடந்தன. வீட்டைக் காலி செய்து போனவர்கள் விட்டுப் போனவை. அவற்றை அகற்றியது சரிதான், நானே கை தட்டியிருப்பேன். மாடிப்படித் திருப்பங்களில் சைக்கிள் வைக்கக் கூடாது என்பதும் சரி. தீ, புகை என்றால் எல்லோரும் இறங்குகிற வழி அது. ஆனால் ஓடாத சைக்கிளை எடுப்பதற்கும், தினமும் பட்டறைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற சைக்கிளை வெளியேற்றுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே.

நம் கட்டடத்தில் வீடுகள் இருபது, கார் நிறுத்தக் கோடு போட்ட இடங்கள் பன்னிரண்டு. ஒரு கார் இடம் என்றால் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அந்த ஒரே இடத்தில் அரை மீட்டருக்கு ஒன்றாகப் பத்து சைக்கிள் நிற்கும். நான் எந்தக் கார் இடத்தையும் கேட்கவில்லை. மோட்டார் ரூம் பக்கத்து மூலையில் தூண் குறுக்கே வருவதால் அங்கே கார் நுழையாது. ஏழடிக்கு ஆறடி. இப்போது அங்கே உடைந்த டைல்ஸும் பெயிண்ட் டப்பாக்களும் இருக்கின்றன.

எங்கள் கிரயப் பத்திரத்திலும் நிலத்தில் பிரிபடாத பாகம் என்று, அதாவது எல்லோருக்கும் பொதுவான நிலத்தில் எங்கள் பங்கு என்று, ஓர் அளவு எழுதியிருக்கிறது. உங்கள் பத்திரத்தில் இருப்பதும் அதே சொல்தான். கீழ்த்தளம் காரை வாங்கியவர்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லை. 2010இல் மும்பை குடியிருப்பு ஒன்றின் வழக்கில், தூண்களுக்கு இடையே இருக்கும் வண்டி நிறுத்துமிடம் பொதுப் பகுதி, அதைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மகாராஷ்டிர மாநிலச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு என்பது எனக்குத் தெரியும். வழக்கு என்று மிரட்டுவதற்காகவும் இதை எழுதவில்லை. பொது இடம் என்றால் அதில் கார் இல்லாத எட்டு வீட்டுக்கும் பங்கு உண்டு என்று நினைவுபடுத்தத்தான் எழுதுகிறேன். கார் வைத்திருப்பவரிடம் உங்கள் காரை உங்கள் ஹாலிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சங்கம் ஒருநாளும் சொன்னதில்லை. எங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறீர்கள்?

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மன்னிக்க வேண்டும். நாம் இருப்பது அம்பத்தூரில். டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கியது இந்த ஊரில்தான். ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.யும் இங்கிருந்து ஊரெல்லாம் போயின. 2001-02இல் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள் கொடுக்கிறது அரசு, பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்று. சென்னை மாநகராட்சி 2014இல், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று ஒரு கொள்கையே வெளியிட்டது. அரசு கொடுக்கிறது, மாநகராட்சி எழுதி வைக்கிறது, கடைசியில் வீட்டு வாசலில் வந்து நிறுத்த ஆறடி இடம் இல்லை. மெயின் ரோட்டில் பஸ்ஸும் லாரியும் ஒதுக்குகின்றன, கடைவாசலில் செக்யூரிட்டி துரத்துகிறார், சொந்த வீட்டுக்கு வந்தால் சங்கமும் கூடாது என்கிறது. உங்கள் வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவின் சைக்கிளையும் கேட்டுக்கு வெளியே முருங்கை மரத்தடியில் நிறுத்தச் சொல்கிறார்கள். அவர் ஒவ்வொரு வீட்டு வேலைக்கும் நடுவில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார், சைக்கிள் இருக்கிறதா என்று. அது போனால் அவருக்கு நான்கு வீட்டு வேலை போகும்.

சரி, கேட்க வந்ததற்கு வருகிறேன்.

தயவுசெய்து மோட்டார் ரூம் மூலையை சைக்கிளுக்கு ஒதுக்குங்கள். சுவரோரம் ஒரு ஜி.ஐ. பைப் பதித்தால் போதும், அதில் செயின் போட்டுப் பூட்டிக்கொள்வோம். பைப்புக்கும் வெல்டிங் கூலிக்கும் ஆகிற பணத்தை சைக்கிள் வைத்திருக்கும் ஐந்து வீட்டுக்காரர்கள் பிரித்துக் கொடுக்கிறோம், நான் பேசிவிட்டேன். அங்கே கிடக்கும் டைல்ஸை என் கணவர் ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்கு ஏற்றி வைத்துவிடுவார். ஒவ்வொரு சைக்கிளிலும் வீட்டு எண் எழுதி வைக்கிறோம். மூன்று மாதம் ஓடாத சைக்கிள் எதுவாக இருந்தாலும், எங்களுடையதே ஆனாலும், எடுத்துப் போடுங்கள். வேலைக்கு வருகிறவர்களின் சைக்கிளும் அங்கே நிற்க அனுமதி வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் தலைவர் அவர்களோ செயலாளர் அவர்களோ ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்த பிறகு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் வந்தால் இன்னும் நல்லது. விளக்கைப் போடாமல் கட்டிலில் இருந்து பாத்ரூம் வரை நடந்து பாருங்கள். வெள்ளைக் கைக்குட்டை கட்டியிருக்கும் பக்கம் மட்டும் கொஞ்சம் பார்த்து வாருங்கள்.

அபராதம் 500 ரூபாயை இந்தக் கடிதத்தோடு உறையில் வைத்திருக்கிறேன். ரசீது கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்துக் கடைசி வீட்டிலிருந்து