சான்றிதழுக்கு அப்புறம் என்ன? அகதிப் பெண்களுக்குப் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அகதிப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சி நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கும், அதற்கு நிதி கொடுக்கும் அமைப்புகளுக்கும்,

வணக்கம். இப்படிப்பட்ட வகுப்புகளில் தையல் சொல்லிக்கொடுப்பவள் நான். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்ற கணக்கு உங்கள் அறிக்கையில் தவறாமல் இருக்கும். ஆறு மாதம் கழித்து அவர்களில் எத்தனை பேர் சம்பளம் வாங்குகிறார்கள் என்பது பெரும்பாலும் இருக்காது. அதையும் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் வகுப்பையே சொல்கிறேன். கால் மிஷினில் பழகுகிறார்கள். சட்டைக் காலர் வரை நேர்த்தியாகத் தைப்பார்கள். ஆடைத் தொழிற்சாலையில் இருப்பதோ நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் போடும் பவர் மிஷின். பெடலில் கால் வைத்ததுமே துணி கையைவிட்டு ஓடிவிடும். தைத்துக் காட்டச் சொன்ன துண்டு சுருங்கிக் கிடக்கும். மேற்பார்வையாளர் "சொல்லி அனுப்புகிறோம்" என்பார், அவ்வளவுதான். பத்து கால் மிஷின் வாங்கும் இடத்தில் ஐந்து வாங்கிவிட்டு, மிச்சத்தில் ஒரு பவர் மிஷினாவது வையுங்களேன்.

சரி, எல்லோருக்கும் எதற்குத் தையல்? பெண்கள் என்றதும் தையல், அழகுக்கலை, கைவினை இந்த மூன்றைத்தான் நீட்டுகிறோம். காஜா போடப் பழகுகிறவர்களில் செவிலியராக இருந்தவர் உண்டு, பள்ளியில் பாடம் நடத்தியவர் உண்டு. அவர்களுக்குத் தேவை வந்து சேர்ந்த நாட்டின் மொழியும், ஏற்கெனவே படித்த படிப்புக்கு அங்கீகாரமும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 22ஆவது பிரிவு இந்த அங்கீகாரத்தைப் பற்றிப் பேசுகிறது. 17ஆவது பிரிவு சம்பளத்துக்கு வேலை பார்ப்பதையும் 18ஆவது சுயதொழிலையும் பற்றிச் சொல்கிறது. 2018இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அகதிகளுக்கான உலகளாவிய உடன்பாட்டின் நான்கு நோக்கங்களில் தற்சார்பும் ஒன்று. காகிதத்தில் குறையே இல்லை. ஆனால் பல நாடுகளில் வேலை அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அனுமதி இல்லாதவர் மறைவாகத்தான் வேலை பார்க்க வேண்டும். பாதிக் கூலி கொடுத்தாலும் யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? பயிற்சிக்கு இவ்வளவு செலவழிக்கும் நீங்கள் அரசாங்கங்களிடம் இதைப் பேசாமல் இருப்பது நியாயமில்லை.

இன்னொன்று. கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மிஷின் ஓட்ட முடியாது. ஊசியும் கத்தரிக்கோலும் கிடக்கிற இடம். அதனால் நின்றுபோனவர்களை "ஆர்வம் இல்லை" என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். பக்கத்து அறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். அந்த வேலையை அகதிப் பெண் ஒருவருக்கே கொடுக்கலாம்.

முன்னால் வந்த பெண்கள் பின்னால் வந்தவர்களுக்கு மாலை நேரங்களில் படிவம் நிரப்பவும், சம்பளச் சீட்டைப் படித்துப் பிடித்தம் எவ்வளவு என்று பார்க்கவும், மருத்துவரிடம் நோயைச் சொல்லவும் கற்றுக்கொடுக்கிறார்கள். நாங்கள் நடத்தும் எந்த வகுப்பையும்விட இது உடனே பயன்படுகிறது என்பது என் அபிப்பிராயம். இவர்களுக்குத் தன்னார்வலர் என்ற பெயர் கொடுத்ததோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆசிரியருக்குரிய ஊதியத்தைக் கொடுங்கள், அதையும் அவரவர் பெயரில் உள்ள கணக்கிலேயே போடுங்கள்.

அடுத்த திட்டத்தை எழுதும்போது, வகுப்பில் சேரப்போகிற பெண்களில் நாலு பேரையாவது கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். பட்ஜெட் முடிவாவதற்கு முன்பே கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தையல் ஆசிரியை