இரண்டு சொட்டு விட்டால் போதுமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பின் செல்லப்பிராணிப் பக்கத்தில், நாய்க்குக் கண்ணில் அடிபட்டால் 'வீட்டில் இருக்கும் கண் சொட்டு மருந்தை இரண்டு சொட்டு விட்டால் போதும், பதற வேண்டாம்' என்று ஒரு வரி. எழுதியவர் பதறவில்லை, சரி. கண் அவர் வீட்டு நாயுடையது இல்லையே.

எங்கள் தோட்டத்து ஆட்டுப் பட்டிக்குக் காவல் எங்கள் நாய் செவலைதான். இரண்டு வருசத்துக்கு முன்பு கம்பங்காட்டில் இறங்கிய மயிலைத் துரத்திக்கொண்டு கிளுவை வேலிக்குள் பாய்ந்ததில் முள் கருவிழியைக் கீறிவிட்டது. (மயில் தொல்லை பற்றி நான் எழுதிய இரண்டு கடிதங்களையும் தாங்கள் வெளியிடவில்லை. அது தனிக் கதை.) கண்ணைத் திறக்கவே இல்லை. தாரையாக நீர், முன்னங்காலால் ஓயாத தேய்ப்பு. உள்ளூர் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் வாரத்துக்கு மூன்று நாள்தான். என் வீட்டுக்காரிக்குப் புரை ஆபரேஷன் ஆனபோது கொடுத்த சொட்டு மருந்தில் பாதி மிச்சம் இருந்தது. மனுசனுக்கு ஆகிறது நாய்க்கு ஆகாதா என்று நாலு நாள் விட்டேன். முதலில் சிவப்பு குறைந்தது, சந்தோசப்பட்டோம். ஐந்தாம் நாள் பார்த்தால் கருவிழி நீலம் பாரித்து, நடுவில் சோற்றுப் பருக்கை அளவுக்குக் குழி.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு ஓடினோம். டாக்டரம்மா ஆரஞ்சு நிறத் தாள் பட்டை ஒன்றை நனைத்துக் கண்ணில் தொட்டு, நீல விளக்கைக் காட்டினார். புண் இருந்த இடம் மட்டும் பச்சையாக மின்னியது. "என்ன மருந்துங்க ஐயா விட்டீங்க?" பாட்டிலை நீட்டினேன். ஸ்டீராய்டு. அது சிவப்பை அடக்கும், ஆனால் கருவிழிப் புண்ணை ஆற விடாது, கிருமிக்கும் கதவைத் திறந்துவிடும் என்றார். "ஏனுங், என்ற மருந்தாலயா போச்சு?" என்று வீட்டுக்காரி கேட்டதற்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. கண்ணை எடுக்காமல் காப்பாற்றினார்கள். ஆனால் பூ விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் பார்வை இல்லை.

சுத்தமான சலைனோ, கொதித்து ஆறிய தண்ணீரோ விட்டுக் கழுவலாம். முள் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. தேய்க்காதபடி கழுத்துக்குக் கூம்பு மாட்டி, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். கூம்பு இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? பெயின்ட் வாளியின் அடியை அறுத்து மாட்டினேன். இதையெல்லாம் எழுத நாலு வரி போதும். அந்த இடத்தில் பிறந்தநாள் சட்டை போட்ட பக் நாயின் படம் இருந்தது.

முன்பெல்லாம் அதே இணைப்பில் காங்கேயம் மாடு, கொரங்காடு என்கிற எங்கள் பக்கத்து மேய்ச்சல் நிலம், ஆட்டு நோய் என்று அரைப்பக்கம் வரும். அதைத் தூக்கிவிட்டீர்கள். வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் தெருநாய்கள் பட்டி பட்டியாக ஆடுகளைக் குதறி, செத்த ஆடுகளோடு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தபோது தங்கள் இதழில் வந்தது இரண்டு அங்குலச் செய்தி. நாய் என்றால் சோபாவில் படுத்திருப்பது என்று நினைத்துவிட்டீர்கள் போல. தாங்கள் அறியாததா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், 'டாக்டர் பார்க்காமல் மனிதருக்குக் கொடுத்த சொட்டு மருந்தை விடாதீர்கள்' என்று ஒரு திருத்தம். ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம்.

இப்படிக்கு,
31 வருசமாகத் தங்கள் சந்தாதாரர்,
வெள்ளகோவில் பக்கம்.