யார் முன்னால் கேட்டார்கள்?

ஐயா, எங்கள் பகுதி முதியோரில் பெரும்பாலோர் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்ற ஆய்வுச் செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். சந்தோஷம்தான், ஆனால் அந்தப் பதில்களை எப்படி வாங்கினார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே! இப்படி ஒரு கணக்கெடுப்புக்கு காரைக்குடியில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) மகனும் மருமகளும் அருகிலேயே நிற்க, "உங்களை நல்லா கவனிக்கிறாங்களா?" என்று கேட்டார், ஆச்சி முந்தானையைத் திருகிக்கொண்டே "ஒரு குறையுமில்ல" என்றார்கள், அவரும் ஐந்துக்கு ஐந்து போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் திண்ணையில் ஆச்சி என்னிடம் சொன்னது வேறு கதை.

சொல்லும் செயலும் எப்போதும் பொருந்திவிடாது என்பதை சமூக உளவியல் எப்போதோ கண்டது. சீனர்கள்மீது வெறுப்பு பரவலாக இருந்த காலத்தில், அமெரிக்காவில் லாப்பியர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியுடன் 250க்கும் மேற்பட்ட விடுதி, உணவகங்களுக்குப் போனார், ஓர் இடத்தில் மட்டுமே மறுத்தார்கள். அப்புறம் அதே இடங்களுக்குக் கடிதம் போட்டுக் கேட்டால், பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் சீனர்களை ஏற்க மாட்டோம் என்றார்கள். 1934-இல் வெளிவந்த ஆய்வு இது. ஆகவே முதியோரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்கட்டும், பத்து நாள் கழித்து இன்னொருவர் போய்ப் பேசிப் பார்க்கட்டும்; நீங்களும் எத்தனை பேரிடம், யார் முன்னிலையில் கேட்டார்கள் என்பதைச் சதவீதத்தோடு சேர்த்தே அச்சிடுங்கள்.

– ஒரு வாசகர், காரைக்குடி