உங்கள் பில்லிங் மென்பொருளின் உரிம ஒப்பந்த வாசகம் குறித்த புகார்

அனுப்புநர்:
வெள்ளிக் கொலுசுப் பட்டறை உரிமையாளர்கள் 11 பேர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம் – 636 002.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
(சட்டப் பிரிவின் கவனத்துக்கும்)

பொருள்: உரிம ஒப்பந்தத்தின் தமிழ் வாசகத்தில் உள்ள பிழைகளையும் இருபொருள்களையும் திருத்தித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மென்பொருளின் வேலையில் எங்களுக்குக் குறை இல்லை. எடை மூன்று தசமம் வரை வருகிறது. டச் (வெள்ளியின் தூய்மை அளவு), சேதாரம், கூலி மூன்றும் தனித்தனியாக நிற்கின்றன. வெள்ளிக்கு உரிய 3 சதவீத ஜிஎஸ்டி சரியாக ஏறுகிறது. மென்பொருளைத் திறப்பதற்கு முன் "ஏற்கிறேன்" என்று அழுத்தச் சொல்லும் ஒப்பந்தத்தில்தான் குறை. அதை வரிவரியாகப் படித்த பிறகு இதை எழுதுகிறோம்.

முதலில் பிரிவு 5.2. "உரிமம் பெற்றவர் மென்பொருளை வேறொரு கணினிக்கு மாற்றாமல் இருக்கலாம்" என்று தமிழில் இருக்கிறது. ஆங்கிலத்தில் "மே நாட்" என்று இருந்ததைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வாக்கியம் இது. ஆங்கிலச் சட்ட நடையில் அது தடை. தமிழில் "மாற்றாமல் இருக்கலாம்" என்றால் மாற்றலாம், மாற்றாமலும் விடலாம், அவரவர் விருப்பம். ஹார்ட் டிஸ்க் பழுதாகிப் புதுக் கணினி வாங்கும் பட்டறைக்காரர் தமிழைப் படித்துவிட்டு மாற்றினால், பிரிவு 19-இன்படி "ஆங்கில வாசகமே இறுதியானது". பிரிவு 9.1-இன்படி முன்னறிவிப்பு இல்லாமலே மென்பொருளைப் பூட்டிவிடலாம். படிக்கக் கொடுத்த மொழியை நம்பியவர் மீறியவர் ஆகிறார்.

இதே பிழை பிரிவு 8.3-இல் வாடிக்கையாளருக்கு இருந்த பாதுகாப்பையே அழிக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் கட்டணத்தை உயர்த்தக்கூடாது என்று ஆங்கிலம் உங்களைக் கட்டுப்படுத்துகிறது. தமிழ் வாசகமோ "நிறுவனம் முன்னறிவிப்பின்றிக் கட்டணத்தை உயர்த்தாமல் இருக்கலாம்" என்கிறது. தமிழ் மட்டும் படிப்பவர் தனக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதையே அறிய வழியில்லை.

கடமையைச் சொல்லும் இடங்களில் இன்னொரு வகைத் தவறு. "நிறுவனம் வாரம் ஒருமுறை காப்புப் பிரதி எடுக்கும்." தமிழில் "எடுக்கும்" என்பது வாக்குறுதியாகவும் இருக்கலாம், வழக்கமாக நடப்பதைச் சொல்வதாகவும் இருக்கலாம், எதிர்காலமாகவும் இருக்கலாம். ஒரு வாரம் எடுக்காமல் விட்டு, அந்த வாரம் கணினி பழுதானால், "வழக்கத்தைத்தான் சொன்னோம், கடமை என்று சொல்லவில்லை" என்று உங்கள் தரப்பு வாதிட இடம் இருக்கிறது. தீர்வு மிக எளிது: கடமை என்றால் "வேண்டும்", தடை என்றால் "கூடாது", விருப்பம் என்றால் "-லாம்". ஒப்பந்தம் முழுவதும் இந்த மூன்றையும் மாறாமல் பயன்படுத்துங்கள்.

அடுத்தது "பயனர்". பிரிவு 1.4-இல் பயனர் என்பவர் "உரிமத்தைப் பெற்ற நபர், நிறுவனம் மற்றும்/அல்லது அவரால் அனுமதிக்கப்பட்ட ஊழியர்". பிரிவு 3-இல் கணினி முன் அமர்பவர். பிரிவு 7-இல் பணம் கட்டியவர். ஒரே சொல்லுக்கு மூன்று பொருள். போதாததற்கு "பயனரின் வளாகத்தில் மட்டும்" பயன்படுத்த வேண்டும் என்கிறது பிரிவு 3. வளாகம் எது என்று எங்கும் விளக்கவில்லை.

இது கொலுசுத் தொழிலுக்கு எப்படிப் பொருந்தும் என்று பாருங்கள். சேலத்தில் ஒரு ஜோடி கொலுசு ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை. கட்டி வெள்ளியை உருக்குவது ஓரிடம், கம்பி இழுப்பது ஓரிடம், வளையம் கோப்பதும் பற்ற வைப்பதும் கூலிக்குச் செய்யும் வீடுகளில், மெருகு வேறோர் இடத்தில். சிவதாபுரம், பனங்காடு, கொண்டலாம்பட்டி என்று வெள்ளி வீடு வீடாகப் போய் வருகிறது. கூலிக்குச் செய்பவர் ஊழியர் அல்லர். ஜிஎஸ்டி விதி 55-இன்படி டெலிவரி சலான் போட்டு வெள்ளியை அனுப்ப வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 143-இன்படி அது ஓராண்டுக்குள் திரும்பி வரவேண்டும். அந்தச் சலானைக் கைபேசியில் போடும் வசதியை நீங்களே விற்கிறீர்கள். கூலிவேலை நடக்கும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் போட்டால் அது "வளாகத்துக்கு" வெளியே. வசதியை விற்றுவிட்டு, அதைப் பயன்படுத்துவதையே மீறலாக்கும் வாசகம் இது.

பத்திரம் எழுதுபவர்கள் இடத்தை எப்படி வரையறுக்கிறார்கள் என்பதைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் கேட்டாலே தெரியும். செக்குபந்தி எழுதாமல் அவர்கள் ஓர் அடி நிலத்தையும் கிரயம் செய்து தருவதில்லை. கிழக்கே இது, மேற்கே இது என்று நான்கு பக்கமும் அடைத்த பிறகே மற்றதைப் பேசுவார்கள். உங்கள் உரிமத்துக்கும் எல்லை வேண்டும். அந்த எல்லை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: 15 இலக்க ஜிஎஸ்டி எண். நாங்கள் முன்வைக்கும் வாசகம்:

"ஓர் உரிமம் ஒரு ஜிஎஸ்டி எண்ணுக்கு உரியது. அந்த எண்ணின் கணக்குகளை எழுத, உரிமையாளர் அனுமதித்த எவரும், எந்த இடத்திலிருந்தும், ஒரே நேரத்தில் மூன்று சாதனங்கள் வரை பயன்படுத்தலாம். பழைய சாதனத்தை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்கலாம்."

மூன்று என்பதற்குப் பதில் இரண்டு என்றாலும் சரி. எண் இருந்தால் போதும்.

புதுப்பித்தல் பிரிவு எங்களை அதிகம் வாட்டுகிறது. பிரிவு 11: "இவ்வுரிமம் செயல்படுத்திய நாளிலிருந்து ஓராண்டுக்குச் செல்லுபடியாகும், அதன்பின் ஒவ்வோர் ஆண்டாகத் தானாகப் புதுப்பிக்கப்படும், 30 நாட்களுக்கு முன் அறிவிப்பு கொடுத்து எத்தரப்பும் முடித்துக்கொள்ளாதவரை." தமிழில் நிபந்தனை முதலில் வரும், முடிவு கடைசியில் வரும். இங்கே தலைகீழாக இருப்பதால் அந்த நிபந்தனை முதல் ஆண்டையும் சேர்த்துப் பிடிக்கிறதா, புதுப்பித்த ஆண்டுகளை மட்டும் பிடிக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. கனடாவில் ரோஜர்ஸ், அலியண்ட் என்ற இரு நிறுவனங்களுக்கிடையே, கம்பங்களில் கம்பி கட்டும் ஒப்பந்தத்தில் இதே அமைப்பு வாக்கியம் வழக்கானது. 2006-இல் ஒரு காற்புள்ளியை வைத்து ஒரு தரப்புக்குத் தீர்ப்பு வந்தது. 2007-இல் ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வாசகம் தெளிவாக இருந்ததைக் காட்டி அது மாற்றப்பட்டது. அங்கே இரண்டாம் மொழி வாசகத்துக்கும் மதிப்பு இருந்ததால்தான் தெளிவு கிடைத்தது. உங்கள் பிரிவு 19 தமிழுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

நாள் கணக்கும் குழப்பமே. பில் ஏப்ரல் 1, செயல்படுத்தியது ஏப்ரல் 9 என்று வையுங்கள். பிரிவு 11 செயல்படுத்திய நாளைச் சொல்கிறது. பில்லின் அடியில் "பில் தேதி முதல் ஓராண்டு" என்று அச்சாகியிருக்கிறது. அந்த நாளையும் சேர்த்து எண்ணினால் உரிமம் மார்ச் 31 அல்லது ஏப்ரல் 8-இல் முடியும். 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 12 போல முதல் நாளை விட்டு எண்ணினால் ஏப்ரல் 1 அல்லது ஏப்ரல் 9. எனவே முடித்துக்கொள்ளும் அறிவிப்புக்குக் கடைசி நாள் மார்ச் 1, 2, 9, 10 ஆகிய நான்கில் எதுவும் ஆகலாம். மார்ச் 5-ஆம் தேதி கடிதம் அனுப்பியவர் உரிய நேரத்தில் அனுப்பினாரா, தாமதமா? இரண்டுக்கும் உங்கள் தாள்களிலேயே ஆதாரம் இருக்கிறது. ஆண்டுக் கட்டணம் தானாகக் கழிவதால், அந்த ஐயத்தின் செலவு எப்போதும் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. இப்படி எழுதலாம்:

"உரிமம் பில் தேதியன்று தொடங்கும். அடுத்த ஆண்டு அதே தேதிக்கு முந்தைய நாள் இரவு 11.59-க்கு முடியும். முடிவு நாள் பில்லில் அச்சிடப்படும். அந்த நாளுக்குள் எப்போது மறுத்தாலும் புதுப்பிக்கப்படாது."

"நள்ளிரவு 12" என்று போட வேண்டாம். அது எந்த நாளின் நள்ளிரவு என்று அடுத்த சண்டை வரும்.

கட்டணமும் "நிறுவனம் அவ்வப்போது நிர்ணயிக்கும் தொகை" என்றுதான் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 29, பொருள் உறுதியில்லாத, உறுதிப்படுத்தவும் முடியாத ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. அங்கே ஓர் எடுத்துக்காட்டு: என் வெள்ளைக் குதிரையை 500 ரூபாய்க்கோ 1,000 ரூபாய்க்கோ விற்கிறேன் என்றால், எந்த விலை என்று காட்ட எதுவும் இல்லாததால் அது செல்லாது. 150 ஆண்டுகளுக்கு முன் சட்டம் எழுதியவர்களே இதைக் குழந்தைக்கும் புரியும்படி சொல்லியிருக்கிறார்கள்.

பிரிவு 12 உண்மையிலேயே ஆபத்தானது. "உரிமம் முடிவுற்றதும் பயனர் மென்பொருளையும் அதன்வழி உருவான எல்லாப் பிரதிகளையும் உடனடியாக அழித்துவிட வேண்டும்." அதன்வழி உருவானவை எவை? மென்பொருளின் நகல்களா, அதில் போட்ட பில்களா? பில்களும்தான் என்றால், அதைக் கடைப்பிடிப்பவர் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தை மீறுவார். அதன் பிரிவு 36-இன்படி கணக்குகளை, அந்த ஆண்டின் ஆண்டறிக்கைக்கு உரிய கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2024-25-க்கு அந்தக் கெடு 2025 டிசம்பர் 31. ஆக, 2024 ஏப்ரலில் போட்ட பில் 2031 டிசம்பர் இறுதி வரை இருந்தாக வேண்டும். உங்கள் கோப்புகளை உங்கள் மென்பொருள் மட்டுமே திறக்கும் என்பதால், அழிக்காமல் வைத்திருந்தாலும் பயனில்லை. உரிமம் முடிந்த பிறகும் பார்க்கவும், அச்சிடவும், எக்செல் கோப்பாக எடுக்கவும் வழி வேண்டும். புதிய பில் போட முடியாமல் தடுப்பது உங்கள் உரிமை. பழைய பில்கள் எங்களுடையவை.

மொழிபெயர்ப்பில் மற்றவை: "பாரபட்சமின்றி" என்று நான்கு இடங்களில் வருகிறது. நீங்கள் சொல்ல வந்தது "சட்டப்படி உள்ள மற்ற உரிமைகளுக்குக் குறைவு வராமல்". ஒப்பந்தத் தரப்பு "கட்சி" ஆகியிருக்கிறது. "கட்டணத்தைக் கருத்தில் கொண்டு" என்ற இடத்துக்குத் தமிழ்ப் பத்திரங்களில் பிரதிபிரயோஜனம் என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறது. அது பழசாகத் தோன்றினால் "கட்டணத்துக்கு ஈடாக" என்றாலே போதும். "மற்றும்/அல்லது" வரும் எல்லா இடங்களிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

தகராறு வந்தால் உங்கள் நிறுவனம் மட்டும் நியமிக்கும் ஒரே நடுவர், உங்கள் தலைமையக நகரில் விசாரிப்பார் என்கிறது பிரிவு 17. தகராறின் முடிவில் ஆதாயம் உள்ள தரப்பு தனியாக நடுவரை நியமிக்க முடியாது என்று பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. சுயதொழிலாகப் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துபவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. அவர் வசிக்கும் ஊரிலேயே புகார் தரவும் அனுமதிக்கிறது. இந்தப் பிரிவை எடுத்துவிடுங்கள்.

எளிமையாக எழுதினால் சட்ட வலு போய்விடும் என்று உங்கள் சட்டப் பிரிவு நினைக்கக்கூடும். 2025-இல் நிறைவேறிய வருமான வரிச் சட்டம் "முந்தைய ஆண்டு", "மதிப்பீட்டு ஆண்டு" என்ற இரட்டைச் சொற்களை விட்டு "வரி ஆண்டு" என்று ஒன்றாக்கியது. நாடாளுமன்றம் செய்ததை ஒரு நிறுவனம் 19 பிரிவுகளில் செய்ய முடியும்.

எனவே கோருவது: பிரிவுகள் 1.4, 3, 5.2, 8.3, 9.1, 11, 12, 19 ஆகியவற்றைத் தமிழிலேயே யோசித்துப் புதிதாக எழுதித் தர வேண்டும். பிரிவு 17-ஐ எடுத்துவிட வேண்டும். பிரிவு 19-இல், வாடிக்கையாளர் எந்த மொழியில் படித்து ஏற்றாரோ அந்த வாசகமே அவருக்குச் செல்லும் என்று மாற்ற வேண்டும். இனி ஒப்பந்தத்தை மாற்றும்போது நீக்கிய வரியும் சேர்த்த வரியும் தெரியும்படி காட்ட வேண்டும். திருத்தம் வரும்வரை பிரிவு 9.1-இன்படி எந்தப் பட்டறையின் மென்பொருளையும் பூட்டக்கூடாது, எவருடைய ஆண்டுக் கட்டணத்தையும் தானாகக் கழிக்கக்கூடாது. கடிதம் கிடைத்த நாளுக்கு மறுநாளை முதல் நாளாக எண்ணி 30-ஆம் நாளுக்குள், எழுத்து மூலம், தமிழில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற பட்டறை உரிமையாளர்கள்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

இணைப்பு: ஒப்பந்தத்தின் தமிழ் நகல், பிழைகள் சிவப்பு மையில் குறிக்கப்பட்டது.