மூன்று கேப்சூல் என்றால் மூன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மருத்துவப் பக்கத்தில் புலிமியா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அளவுமீறித் தின்பது, அப்புறம் வாந்தி எடுப்பது, அதை வீட்டாரிடம் மறைப்பது என்று நோயைச் சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள். மருந்தை மட்டும் 'கூடவே மனச்சோர்வும் இருந்தால் மாத்திரை தருவார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

இந்த நோய்க்கு எழுதும் ஃப்ளுவாக்செட்டின், மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் தின்னும் வெறியையும் வாந்தியையும் குறைக்கிறது. அளவும் வேறு. மனச்சோர்வுக்கு வழக்கமாக 20 மில்லிகிராமில் தொடங்குவார்கள். இதற்கு நாளொன்றுக்கு 60, அதாவது 20 மில்லிகிராம் கேப்சூல் மூன்று. 1992-இல் வெளியான ஆய்வில் 387 பெண்களுக்கு 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 60 தான் நன்றாகக் கைகொடுத்தது. 20 அந்த அளவுக்கு எடுபடவில்லை.

கடையில் நடப்பதோ வேறு. "டாக்டர் கை தவறி மூணுன்னு எழுதிட்டார் போல, ஒண்ணு போதும்ல?" என்று கேட்கிறார்கள். ஓர் அம்மா கேட்கக்கூட இல்லை. தானாகவே ஒன்றாகக் குறைத்துக் கொடுத்துவிட்டு, மாத்திரையால் பிரயோஜனமே இல்லை என்று என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார். மகளோ சாப்பிட்ட கையோடு கேப்சூலைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிடுவாளாம். அந்த ஒன்றும் உள்ளே தங்கியிருக்குமா? வாந்தி எடுக்காத வேளை எது என்று பார்த்து அப்போது போடச் சொன்னேன். அளவு பற்றி டாக்டரிடமே பேசச் சொல்லி அனுப்பினேன்.

மாத்திரை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. பேச்சுவழிச் சிகிச்சைதான் முதலில். இள வயதினர் என்றால், மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்கள் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று வீட்டில் கவனிக்கவும் வேண்டும்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று புப்ரோபியான். இதுவும் மனச்சோர்வு மாத்திரைதான், ஆனால் புலிமியா உள்ளவர்களுக்கு ஆகாது, வலிப்பு வரலாம். சிகரெட்டை விடவும் இதையே எழுதுவார்கள். வாந்தி விஷயத்தை மறைத்துக்கொண்டு வேறொரு டாக்டரிடம் போனால், அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த முறை எழுதும்போது இந்த மாத்திரையின் பெயரைச் சேர்த்துப் போடுங்கள், சார்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்